காட்சியும் கடனும்

அழகிய காட்சியைத் தேடிச் செல்லுதல் மனிதர்க்கு இயல்பானதொரு விருப்பம். மலையையும் கடலையும் காணும்பொழுது உள்ளம் விரிகின்றது. அன்றாடக் கவலைகள் சிறுத்துப் போகின்றன. முற்காலத்தில் இவ்வின்பம் நெடுந்தூரம் நடக்க வல்லார்க்கும், குதிரையும் பல்லக்கும் உடையார்க்குமே வாய்த்தது. மோட்டார் வண்டி பெருகிய பின்னர் மாதச் சம்பளக்காரரும் விடுமுறை நாளில் மனைவி மக்களுடன் கடலோரச் சாலையில் செல்லலாயினர். இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆனால் இங்கே ஒரு வினா எழுகின்றது. கடலும் பாறையும் இயற்கை தந்தவை. அவற்றின்பால் நம்மைக் கொண்டு சேர்க்கும் சாலையோ இயற்கை தந்ததன்று. அதனை எவரோ வெட்டினர். வண்டியிற் செல்வோரின் கண் கடலை நோக்குகின்றதேயன்றிச் சக்கரத்தின் கீழுள்ள தரையை நோக்குவதில்லை. பிறர் உழைப்பால் அமைந்த வழியிற் சென்று இன்பம் நுகர்வோர், அவ்வுழைப்பாளர்க்கு ஏதேனும் கடன்பட்டவராவரோ? ஆவரெனின், அக்கடனைத் தீர்க்கும் வகை யாது?

இதனை வெறும் சொல்லளவில் ஆராய்ந்தால் பயன் விளையாது. ஓர் உண்மையான சாலையை முன்வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்க்கி என்னும் ஊரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை, 240 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய கடலோரச் சாலை ஒன்றுண்டு. அதற்குக் கிரேட் ஓஷன் ரோடு என்று பெயர். பெருங்கடற் சாலை என்று நாம் வழங்குவோம். மெல்போர்ன் நகரில் குடியேறிய உறவினருடன் இச்சாலையில் இரண்டு நாள் பயணம் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் இடப்புறமாகச் செல்லுகின்றன. ஆதலின் மேற்கு நோக்கிப் போவோர்க்குக் கடல் இடக்கைப் பக்கத்திலேயே கிடக்கின்றது. வலப்பக்கத்தில் ஆட்வே மலைச்சரிவு செங்குத்தாக எழுகின்றது. சில இடங்களில் இவ்விரண்டிற்கும் நடுவே சாலையின் அகலத்திற்கு மேல் இடமில்லை. லார்ன், அப்போலோ பே ஆகிய சிற்றூர்களைக் கடந்ததும் வழி கடலை விட்டு விலகி, ஓங்கிய யூகலிப்டஸ் மரங்களும் பெரணிகளும் அடர்ந்த மழைக்காட்டினுள் புகுகின்றது. மீண்டும் கடலைச் சேருமிடத்தில் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது.

அங்கே கரை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே அப்பாறையாக இறுகின. இப்பகுதியினின்று நேர் தெற்கே பனிக்கண்டமாகிய அண்டார்டிகா வரை பெருநிலம் ஏதுமில்லை. தடையின்றி உருண்டுவரும் அலைகள் மென்மையான அப்பாறையைக் குடைகின்றன. முதலில் குகை உண்டாகின்றது. குகை துளைபட்டு வளைவாகின்றது. வளைவின் மேற்பகுதி இடிந்து விழ, கடல் நடுவே தனித்தூண் நிற்கின்றது. இவ்வாறு நிற்கும் தூண்கள் 45 மீட்டர் வரை உயர்ந்தவை. அவற்றைப் பன்னிரு சீடர்கள் என்று அழைக்கின்றனர். எனினும் அவை என்றும் பன்னிரண்டாக இருந்ததில்லை. 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு தூண் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிந்து கற்குவியலாயிற்று. இதற்கு முன்னரே 1990 ஜனவரியில், லண்டன் பாலம் எனப் பெயர்பெற்ற இரட்டை வளைவின் கரைப்பக்கத்து வளைவு கடலில் வீழ்ந்தது. அப்பொழுது அப்பால் நின்ற இருவர் கரைக்குத் திரும்ப வழியின்றித் தவித்து, ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டனர். 1878 ஜூன் முதல் நாளில் லாக் ஆர்டு என்னும் கப்பல் இக்கரையருகே மோதி உடைந்ததில், அதிலிருந்த 54 பேரில் 52 பேர் மாண்டனர். டாம் பியர்ஸ் என்னும் இளைஞனும் ஈவா கார்மைக்கேல் என்னும் இளநங்கையுமே உயிர் பிழைத்தனர். கண்ணுக்கு இனிய கடல் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு இவை சான்று.

இத்தகைய கரையில் சாலை எவ்வாறு வந்தது? 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா 60,000-க்கு மேற்பட்ட வீரரை இழந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பை அந்நாட்டு மக்கள் 1916-லும் 1917-லும் வாக்களித்துத் தள்ளிவிட்டனர். ஆதலின் கடல்கடந்து போரிட்டு மாண்டோர் தாமாக முன்வந்து சேர்ந்தவர். போர் முடிந்து திரும்பியவர்க்கு வேலை வேண்டும். திரும்பாதவர்க்கு நினைவுச்சின்னம் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் திட்டமாக, கடலோரத்தில் ஒரு சாலை வெட்டுவதென்று 1918-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஜீலாங் நகரின் மேயர் ஹோவார்டு ஹிட்ச்காக் அதன் தலைவரானார். பணி 1919 செப்டம்பரில் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 பேர், போரினின்று மீண்ட வீரர், இதில் உழைத்தனர். அவர்கள் கைக்கருவிகள் மண்வெட்டி, கடப்பாரை, கோடாலி. சுமை இழுக்கக் குதிரைவண்டி. பாறை தகர்க்க வெடிமருந்து. குடியிருப்போ கூடாரம். எட்டுமணி நேர வேலைக்கு நாட்கூலி பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். செங்குத்தான சரிவில் வேலை செய்கையில் சிலர் உயிரிழந்ததும் உண்டு.

இவர்களை முனிவர்களென்று எண்ணிவிடலாகாது. 1924-இல் காசினோ என்னும் கப்பல் கரையருகே சிக்கித் தப்பும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிந்தது. 500 பீப்பாய் பீரும் 120 பெட்டி மதுவும் கரை ஒதுங்கின. அடுத்த இரண்டு வாரம் சாலை வேலை நடக்கவில்லை! போரில் தோழரை இழந்து, வெடியோசை காதினின்று நீங்காத நிலையிலும் மறுபடியும் வெடிமருந்தையே கையாண்ட மனிதர் அவர். களிப்பு கிட்டியபொழுது களித்தனர். 1922-இல் லார்ன் வரையிலான பகுதியும், 1932 நவம்பரில் அப்போலோ பே வரையிலான முழுப்பணியும் திறப்புவிழாக் கண்டன. ஹிட்ச்காக் அதற்கு மூன்று மாதம் முன்னரே இறந்துவிட்டார். திறப்புவிழா ஊர்வலத்தில் ஆளுநரின் வண்டிக்குப் பின்னே அவருடைய வண்டியை ஓட்டிச் சென்றனர். பணிச்செலவை ஈடுகட்டச் சுங்கம் விதிக்கப்பட்டிருந்தது. 1936-இல் சாலை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் சுங்கம் நீக்கப்பட்டது.

இனி நம் வினாவிற்கு வருவோம்.

"கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது. வழிப்போக்கர்க்கு என்ன கடன்?" என்பார் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தோட்டத்தில் கணக்கெழுதும் தொழிலுடைய நாம் இதன் வலிமையை நன்கறிவோம். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் பதியப்படுகின்றது. மாத முடிவில் செக்ரோல் புத்தகத்தில் கூலி கூட்டப்படுகின்றது. பணம் கைமாறிக் கையெழுத்து வாங்கியதும் அப்பக்கம் மூடப்படுகின்றது. இதற்கு மேல் ஒருவர்க்கொருவர் கடன் இல்லையென்பதே கணக்கின் இலக்கணம். இவ்விலக்கணம் இல்லாவிடின் உலக வழக்கு நடவாது.

ஆயினும் அப்புத்தகத்தில் எழுதப்படுவது யாது என்று சற்று நோக்குவோம். எழுதப்படுவது ஒருநாள் உழைப்பின் விலை. அவ்விலை, உழைப்பவர் அன்று உயிர்வாழ எவ்வளவு வேண்டும், அவ்வேலைக்கு வேறு ஆள் கிடைப்பாரா என்பவற்றைக் கொண்டே குறிக்கப்படுகின்றது. உழைப்பின் பயன் எத்தனை பேரை எத்தனை ஆண்டு சென்றடையும் என்பதைக் கொண்டு குறிக்கப்படுவதன்று. பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் 1919-இல் ஒரு நாளின் விலை. அந்நாளின் பயனோ நூறாண்டு கடந்தும் வந்துகொண்டே இருக்கின்றது. இப்பயனைப் பதிவதற்குக் கணக்குப் புத்தகத்தில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் பயனும் இல்லையென்று கூற இயலுமா? பணத்தால் தீரும் பகுதி தீர்ந்ததென்பதே உண்மை. எல்லாம் தீர்ந்ததென்பது கணக்கரின் மயக்கம்.

"அவ்வாறாயின் உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் பிறர் உழைப்பே. ஒவ்வொரு கவளத்திற்கும் கடன்பட்டதாக எண்ணினால் மனிதன் எங்ஙனம் வாழ்வான்? எல்லையற்ற கடன் கடனே அன்று" என்று மறுப்பர். இம்மறுப்பில் பாதி உண்மை உள்ளது. பசித்தவன் உண்கையில் உழவனை நினைக்கவில்லையெனின் அவனைக் குறைகூறோம். பசி அவனை நெருக்குகின்றது. ஆனால் காட்சி காணச் செல்வோரை எது நெருக்குகின்றது? அவர் ஓய்வாக இருக்கின்றார், விரும்பிச் செல்கின்றார், எங்கு நிற்பது, எதை நோக்குவது என்பதெல்லாம் அவர் கையில் உள்ளது. அத்தகையவர் பாறையின் அடுக்குகளை அரைமணி நேரம் உற்று நோக்கிவிட்டு, அப்பாறையை வெட்டிய கைகளைக் குறித்து அரைநொடியும் எண்ணாமற் போவாராயின், அது தற்செயலன்று. தாமே தேர்ந்துகொண்ட பாராமுகம். கண் எவ்வளவு உரிமையுடன் திரிகின்றதோ அவ்வளவிற்குக் கருத்திற்கும் பொறுப்பு உண்டு என்பது நம் துணிபு.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாகப் பேசுவர். "மாண்டோரின் நினைவுச்சின்னத்தின்மீது வண்டியோட்டி, சிரித்துப் பேசி, பலகாரம் தின்று, படம்பிடித்துக்கொண்டு போவது தகுமா? பிறர் துன்பத்தின்மேல் இன்பம் நுகர்தல் இழிவன்றோ?" என்பது அவர் வாதம். இதனை நாம் உடன்படோம். கல்லறையும் சாலையும் ஒன்றல்ல. கல்லறை அமைதியை வேண்டுகின்றது. சாலை போக்குவரத்தை வேண்டுகின்றது. இறந்த தோழர்க்குக் கற்றூண் நாட்டாமல் வழி வெட்டினார்கள் என்றால், மக்கள் அவ்வழியிற் செல்லவேண்டும் என்பதே வெட்டியவர் உள்ளக்கிடக்கை. அவர்கள் விரும்பி அளித்த பொருளை, இரக்கம் என்னும் பெயரால் தொடாமல் ஒதுக்கிவைத்தல் அவர்க்குச் செய்யும் மரியாதையாகாது. குழந்தைகள் அச்சாலையில் கடலைக் கண்டு கூவுவதே, அவர்கள் வேண்டிய நினைவுநாள் எனினும் பொருந்தும். ஆகவே இன்பம் குற்றமன்று. அறியாமலே இருக்கத் துணிந்த இன்பமே குற்றத்தின்பாற் படும்.

ஆனால் எல்லாச் சாலைகளும் விரும்பி வெட்டப்பட்டவை அல்ல. இங்கேதான் நம் வினா கடினமாகின்றது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பிக் சர் கடற்கரையில், உலகமே புகழும் மற்றொரு மலையோரச் சாலை 1937-இல் திறக்கப்பட்டது. அதன் பணியில் சான் குவென்டின் சிறையின் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்க்கு நாளொன்றுக்கு 35 சென்டு கூலி. தண்டனைக் காலத்திலும் குறைப்பு. சிறைக்குள் அடைபட்டிருப்பதினும் கடற்காற்றில் கல் உடைப்பது மேல் என அவர்கள் இசைந்திருக்கலாம். ஆனால் சிறைக்கதவும் சம்மட்டியும் மட்டுமே முன்னுள்ளபொழுது தெரிந்தெடுத்த ஒன்றை, முழு விருப்பம் என்று எவர் சொல்வார்? பெருங்கடற் சாலையிலும் ஒரு மௌனம் உண்டு. வீரர் மண்வெட்டியுடன் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கரையும் காடும் கடுபானூட் என்னும் பழங்குடி மக்களின் வாழ்விடமாக இருந்தன. வெள்ளையர் குடியேற்றத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் அழிவுற்றனர். சாலை எவர் மண்ணில் செல்லவேண்டும் என்று அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நம்மவர் கதை இதனினும் கொடியது. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்குக் கொண்டுபோகப்பட்டனர். காலராவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. அப்பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டவர். அவர்க்குக் காஞ்சனபுரியிலும் பிறவிடங்களிலும் செவ்வனே பேணப்படும் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. கல்தோறும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் தொகை இதனினும் பன்மடங்கு. அவர்க்குப் பெயர் பொறித்த தனிக்கல்லும் இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. இன்று அப்பாதையின் எஞ்சிய பகுதியில், ஆற்றோரப் பாறையை ஒட்டிய மரப்பாலத்தின்மீது இரயில் மெல்ல ஊர்ந்து செல்கையில், பயணிகள் சாளரத்தின் வழியே தலையை நீட்டிப் படம் பிடிக்கின்றனர். காட்சி மிக அழகியது என்பதில் ஐயமில்லை.

இருவகை வழிகளையும் ஒப்பிட்டு நோக்குங்கள். பெருங்கடற் சாலையின் ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில் மரத்தாலான நினைவு வளைவு நிற்கின்றது. அருகே, கருவியேந்திய இரு தொழிலாளரின் வெண்கலச் சிலை. முதல் வளைவு 1939-இல் அமைந்தது, பின்னர் வந்த வளைவு 1983-ஆம் ஆண்டுப் பெருங்காட்டுத்தீயில் எரிந்துபோயிற்று, மீண்டும் கட்டினர். 2011-இல் அச்சாலை ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏன் இவ்வளவு? அவ்வீரர் பட்ட துன்பம் மிகுதி என்பதாலா? துன்பத்தை அளவுகோலாகக் கொண்டால் சயாம் பாதையில் வீழ்ந்தோர்க்கன்றோ மலை போன்ற சின்னம் எழுந்திருக்கவேண்டும்! அவ்வீரர்க்கு வாக்குரிமை இருந்தது. அவர்க்காகப் பேச மேயர் இருந்தார். எழுதப் பத்திரிகை இருந்தது. எரிந்த வளைவை மீண்டும் எழுப்ப ஒரு சமூகம் இருந்தது. நினைவு என்பது தகுதிக்குக் கிடைக்கும் பரிசன்று. பேசும் வாய் உடையோர்க்குக் கிடைப்பது. இவ்வுண்மையை உணர்ந்தால் நம் கடன் எத்தகையது என்பது தெளிவாகும். பெயர் பொறித்த வழியில் நாம் பெயரைப் படித்தால் போதும். பெயரற்ற வழியிலோ, நாமே கேட்டறிந்து பேசவேண்டும். அங்கே காண்போரைத் தவிர வேறு வாய் இல்லை.

"இவ்வளவும் எண்ணிக்கொண்டு போனால் பயணத்தின் மகிழ்ச்சி கெட்டுவிடாதா?" என்று கேட்கலாம். கெடாது என்பதே நம் அனுபவம். கடல்தூண் ஒன்றரைக் கோடி ஆண்டுப் படிவு என்று அறிந்ததும் அதன் அழகு குறைந்ததா, கூடியதா? அலை குடைந்து, வளைவாகி, தூணாகி, ஒருநாள் வீழும் என்னும் அறிவு நம்மை இன்னும் உற்று நோக்கச் செய்தது. பாறையின் வரலாறு அழகைக் கூட்டுமெனின், மனிதரின் வரலாறு மட்டும் அதனை ஏன் கெடுக்கவேண்டும்? கெடுவது மகிழ்ச்சியன்று, பொறுப்பற்ற மயக்கம். அது கெடுவது நன்று.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிடின் இவ்வாராய்ச்சி குறையுடையதாகும். மாண்டோரை நினைத்தல் எளிது. அவர் கூலி கேட்பதில்லை. உயிரோடிருப்போரை நோக்குதல் கடினம். நம் நாட்டில் விடுமுறை வந்தால் கேமரன் மலைக்கு வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. வாரிவிட்டாற்போன்ற தேயிலைச் சரிவுகளைக் கண்டு வியவாதார் இல்லை. அவ்வரிசைகளைக் காடழித்து நட்டவருள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உண்டு என்பதைப் பெருமையுடன் சொல்லுகின்றோம்; சொல்லவேண்டியதே. ஆனால் இன்று அச்சரிவில் முதுகு வளைந்து நிற்பவர் எவர்? தோட்டத்துப் பெயர்ப் புத்தகத்தில் இன்று நாம் எழுதும் பெயர்களிற் பல இந்தோனேசியப் பெயர்கள், வங்காளதேசப் பெயர்கள், நேபாளப் பெயர்கள். கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவர், மொழி அறியாதவர், தமக்காகப் பேச ஆளில்லாதவர். நம் முன்னோர் எந்த நிலையில் இந்நாட்டிற் கரையிறங்கினரோ அந்த நிலையில் இருப்பவர். முன்னோரை எவரும் மதிக்கவில்லையென வருந்தும் நாமே இவர்களைப் பெயர்சொல்லி அழையாமல், ஏளனமாக நோக்கிக் கடந்துபோவோமாயின், நம் வருத்தத்தில் நியாயம் ஏது? சாலையோரத்தில் கொதிக்கும் தாரை ஊற்றிக்கொண்டிருப்பவனைக் கண்டு, புகை வருகின்றதென்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, பத்துக்கல் தொலைவில் நினைவுச்சின்னத்தின்முன் தலைவணங்குவது வணக்கமாகாது.

முடிவாக, காட்சி காண்போரின் கடன் மூன்று எனலாம். முதலாவது, அறிதல். செல்லும் வழியை எவர், எக்காலத்தில், எந்நிலையில் அமைத்தனர் என்று கேட்டறிதல். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சிறிது நேரம் போதும். இரண்டாவது, சொல்லுதல். உடன் வரும் மக்களுக்குக் கடலைக் காட்டும் அதே விரலால் சாலையையும் காட்டுதல். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள பெயர்களை எழுதிவைத்தல். சயாம் பாதைக்குப் போய் மீளாதவரை உடைய பழந்தோட்டக் குடும்பங்கள் பல. மூன்றாவது, நடத்துதல். இன்று வழி அமைப்போர்க்கும் சரிவில் கொய்வோர்க்கும் முறையான கூலியும், நாகரிகமான இருப்பிடமும், மனிதர்க்குரிய மதிப்பும் கிடைக்கவேண்டுமென்று கேட்பதும், நம் கைக்கு எட்டிய அளவில் அதனைச் செய்வதும் ஆகும். முதலிரண்டும் செய்து மூன்றாவதை விடுவோர், வட்டியைக் கட்டி முதலை மறந்தவரே யாவர்.

விடுமுறை நாட்கள் வருகின்றன. கடற்கரைக்கும் மலைக்கும் மகிழ்ந்து செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அழகிய இடத்தில் வண்டியை நிறுத்தும்பொழுது, கடலை நோக்குமுன் ஒரு கணம் கீழே, நின்ற தரையை நோக்குங்கள்; வழியில் வேலை செய்பவர் எதிர்ப்பட்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்து அவர்க்கு வழிவிடுங்கள். கடன் தீர்க்கத் தொடங்குதற்கு அதுவே போதுமான இடம்.